ருசி பார்க்கக் கூடாத சமையல்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க ஒரே வெக்கைதான். நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில், வாசல்களில் இந்திய மாங்காய்ப் பெட்டிகளை அடுக்கினால் எனக்குக் கோடை வந்துவிட்டது. பெட்டி குறைந்தால் கோடை முடிகிறது. தாய்லாந்து மாங்காய் எப்போதும் கிடைக்கும். அதில் புளிப்பு போதாது.

நான் சமையல்காரன். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெகுகாலம் நின்றேன். படிப்பு அதிகமில்லை. அளந்து சமைத்துப் பழக்கமும் இல்லை. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். நாக்கு போதும் என்றால் போதும்.

இந்த வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. ரேடியேஷன் கொடுத்தார்கள். கட்டி போனது. ருசியும் போனது. டாக்டர், திரும்பி வரலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். சொல்ல முடியாது, சிலருக்கு முழுசாக வராது என்றார். சரி என்று எழுந்து வந்தேன்.

கடை முதலாளி நல்ல மனிதர். "உடம்பு தேறட்டும்ண்ணே, மெதுவா வாங்க" என்றார். பிறகு என் அடுப்பில் வேறு ஆள் நின்றான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ருசி தெரியாதவனை அடுப்பில் நிறுத்தி அவர் என்ன செய்வார்.

சுவா சூ காங் பேட்டையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குப் பக்கத்துப் பள்ளியில் துப்புரவு வேலை. ஆடி பிறக்கும் சமயம் ஒருநாள் எம்ஆர்டி ரயில் பிடித்துத் தேக்காவுக்குப் போனேன். மாங்காய்க் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, ஆளையே காணோம்! ஊருக்குப் போயிட்டீங்களா?"

"உடம்பு சரியில்ல."

"இதான்ணே கடைசி லோடு. இனிமே அடுத்த வருஷம்தான். காயா, பழமா?"

"ரெண்டும் போடு."

வீட்டுக்கு வந்து காயில் ஒரு கீற்று நறுக்கி வாயில் போட்டேன். புளிக்கவில்லை. எரிந்தது. பழத்தை அறுத்தேன். நல்ல பழம் என்று கத்தி இறங்கும்போதே தெரிந்தது. வாயில் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். இருந்தும் கொட்டை வரைக்கும் சாப்பிட்டேன். இந்த வருஷத்துக்கு அதுதான்.

மிச்சக் காயில் கொஞ்சம் எடுத்து வெல்லம் போட்டுப் பச்சடி செய்தேன். ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்குக் கொடுத்தேன். மனைவி வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் அந்த மலாய் அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். கதவுக் கம்பிக்கு வெளியே நின்று ஒரே சிரிப்பு.

"அங்கிள்! மாசின்லா! கடல் தண்ணி ஊத்தினியா?"

மாசின் என்றால் மலாயில் உப்புக் கரிப்பது. இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறேன். நானும் சிரித்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அடுப்புப் பக்கமே போகமாட்டீங்க."

"சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பிறகு நான் அடுப்பைத் தொடவில்லை. இவ்வளவு காலம் யார் கேட்டாலும் சமையல்காரன் என்று சொல்லிவந்தேன். இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. மீதிக் காய்கள் ஐஸ்பெட்டியில் கிடந்தன. அவளும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவள்தான் பேச்சை எடுத்தாள். "நாளைக்கு ஆடி வெள்ளி. தேக்கா கோயில் மடப்பள்ளியில ஆள் பத்தலையாம். உங்களைக் கேட்டாங்க."

"காய் நறுக்கவா?"

"சமைக்கத்தான்."

"விளையாடறியா? ருசி தெரியாதவன் போய் என்ன செய்ய?"

"அங்க யாருக்குங்க ருசி தெரியும்? சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி யாரும் வாயில வைக்கக் கூடாதுல்ல."

எனக்கும் தெரிந்த விஷயம்தான். அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் லீவு போட்டாள். ஐஸ்பெட்டியில் இருந்த காய்களைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் போனோம். மடப்பள்ளிப் பெரியவர் நல்ல உயரம். வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்.

"வா தம்பி. நீயும் துணியக் கட்டு. பேசினா எச்சில் தெறிக்கும்."

மாங்காய்ச் சாதம் என் பொறுப்பு. வாங்கி வைத்திருந்த காய்களோடு என் காய்களையும் கழுவி அறுத்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தால் புளிப்பு. மஞ்சள் ஓடியிருந்தால் புளிப்பு குறைவு. கடைசிக் காய்கள், பாதிக்கு மேல் மஞ்சள். அதனால் காயைக் கூடுதலாகத் துருவினேன். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் தாளித்தேன். பருப்பு சிவந்தது கண்ணுக்குத் தெரிந்தது. துருவலைப் போட்டதும் சத்தம் மாறியது.

"உப்பு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"படி அரிசிக்கு ஒரு கை."

படிக்கு ஒரு கை போட்டேன். கிளறிக்கொண்டே இருந்தவன், கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டேன்.

"டேய்! கைய எடு!"

பெரியவர் போட்ட சத்தத்தில் அடுப்படியே திரும்பிப் பார்த்தது. நான் கையை நீட்டியபடி நின்றேன். வாயில் துணி வேறு கட்டியிருக்கிறது. பெரியவர் என்னையும் கையையும் பார்த்தார்.

"நாக்கு போச்சுன்னாங்க. பழக்கம் போகலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சோற்றைக் கலந்தேன்.

பூஜை முடிந்து எல்லோருக்கும் பரிமாறினார்கள். மனைவி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் தூணோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். தண்ணீரைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடி கேட்டு வாங்கினார்கள். அது கணக்கில்லை. கோயில் சோற்றை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்தாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"புளிப்பு சரியா இருக்கு. உப்பு கொஞ்சம் கம்மி."

பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். அண்டாவை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனார். அவர் கை பெரிய கை. என் கைக்கு ஒன்றேகால் போட வேண்டும்.

"அடுத்த வெள்ளி சரி பண்ணிடலாம்" என்றேன்.

"மாங்காய்தான் முடிஞ்சு போச்சே."

"எலுமிச்சம்பழம் இருக்குல்ல."

அவள் காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டாள். வெளியே வந்தோம். மாங்காய்க் கடை வாசலில் பெட்டி எதுவும் இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.