கண்ணாடிக்காரரின் வலது கை

வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி பொருத்துவதுதான் அவருடைய தொழில். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: கண்ணாடி நழுவினால் பிடிக்காதே, விட்டுவிட்டுப் பின்னால் தாவு. கண்ணாடி போனால் வேறு வாங்கலாம், விரல் போனால்? இருபது வருடமாக அவருடைய விரல்கள் முழுசாக இருப்பது அந்தப் பாடத்தால்தான்.

புதிதாகச் சேர்ந்த ஜூடோ வகுப்பில் அதே பாடம் அவர் மானத்தை வாங்கியது. அங்கே எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுக்க வேண்டும். இவரோ துணி நழுவத் தொடங்கியதுமே கையை விரித்துவிட்டுப் பின்னால் துள்ளி நிற்பார். கல்லூரிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"அண்ணா, மறுபடியும் விட்டுட்டீங்க" என்பார் மாஸ்டர். அவரைவிட வயதில் ரொம்பவே சின்னப் பெண்.

"தெரியுதும்மா. கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

நீச்சல், சைக்கிள், உடற்பயிற்சிக்கூடம் என்று ஆரம்பித்து ஒரே வாரத்தில் விட்டவை ஏராளம். மனைவி அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'முதல் வாரம்'. இதையும் விட்டால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த வெறியில் விடியற்காலையில் எழுந்து மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு ஏணியில் ஏற முடியாமல் போனதுதான் மிச்சம்.

"யாரு அவ்வளவு பண்ணச் சொன்னா? பத்து நிமிஷம் போதும். ஆனா தினமும்" என்றார் மாஸ்டர். கதவுக் கைப்பிடியில் துண்டைக் கட்டி, வலது கையால் இழுத்து, விடாமல் பிடித்துப் பழக வேண்டும். பத்து நிமிடத்தில் என்ன கிழியும் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். மாதங்கள் போயின. கை மெல்லப் பிடிக்கக் கற்றது.

கற்றதுதான் வினையாயிற்று. ஒரு கடை வாசலில் கண்ணாடி நழுவியது. கை விடவில்லை, இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை முழுக்கத் தையல்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் வந்து உட்கார்ந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. "அங்க பிடின்னா விடுது, இங்க விடுன்னா பிடிக்குது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

"சரி, ஜூடோவை விட்டுடுங்க. இந்தத் தடவை யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள் மனைவி. அவள் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பரிதாபம்தான் சுட்டது.

மாலையில் இடது கையால் துண்டைக் கதவில் கட்டப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அப்போதும் அவிழ்ந்தது. துண்டைச் சுருட்டி மூலையில் வீசினார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அவரே போய் எடுத்து வந்தார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். துண்டின் ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தாள். அவருடைய இடது கை பட்டென்று விட்டது. பின்னால் துள்ளியவர் கதவில் போய் முட்டினார்.

"பாத்தியா! இந்தக் கைக்கு ஒரு எழவும் தெரியல!"

"அதுக்கு இதானே முதல் வாரம்" என்று சொல்லி, துண்டின் மறுமுனையை மீண்டும் அவரிடம் நீட்டினாள்.