ஹாக்கி அணிக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

இங்கே குளிர்காலத்தில் ஆற்றின்மேல் லாரி போகிறது. எங்கள் ஊர் புதுக்கடையில் யாரிடமாவது சொன்னால், கனடாவுக்குப் போனதும் இவனுக்குப் பொய் பெருத்துப்போச்சு என்பார்கள். அப்படி உறைந்த தண்ணீரில் இரும்புச் சறுக்குச் செருப்பு கட்டி, வளைந்த கம்பால் கறுப்பு வட்டை அடித்து ஆடுவதற்கு ஐஸ் ஹாக்கி என்று பெயர். நான் வேலை பார்க்கும் காகித ஆலையும் ஓர் அணி தொடங்கியது. ஆடியதெல்லாம் தோல்வி. ஒரே குளிர்காலத்தில் முதலாளிக்கு வெறுத்துவிட்டது. கடைசி ஆட்டத்தோடு கலைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

கோல் காப்பவன் எங்கள் கீழ்வீட்டு ஹென்றி. வந்த புதிதில் எங்களுக்கு அடுப்பு மூட்டக் கற்றுத்தந்தவன். "ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுக் கலைந்தால் போதும்" என்று அவன் ஏங்கியதை வீட்டில் சொன்னேன். என் மனைவி தங்கம் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆறடி ஆளுவ இப்பிடித் தோத்துட்டே கெடப்பாவளா? கண்ணு பட்டிருக்கு. சுத்திப் போடணும்."

பிள்ளை பால் குடிக்காவிட்டாலும் பசு கறக்காவிட்டாலும் ஊரில் இதுதானே வைத்தியம். உப்பும் வற்றல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம். வந்தால் கண்ணே இல்லை. கோட்டாற்றுச் சந்தையில் வாங்கிக் கப்பலேறி வந்த வற்றலை, ஆளுக்கு ஒன்றாவது வேண்டுமே என்று கை நிறைய அள்ளித் தந்தாள்.

ஆட்டத்துக்கு முன் அணியின் அறையில் எல்லோரையும் நிறுத்திச் சுற்றினேன்.

"இது சமையலா, ஜெபமா?" என்றான் ஹென்றி.

"மருந்து" என்று சொல்லி அங்கே குளிர்காய மூட்டியிருந்த அடுப்பில் போட்டேன். நம் ஓட்டுக்கூரையில் புகை போக ஆயிரம் வழி உண்டு. இங்கே குளிருக்குப் பயந்து சன்னலையெல்லாம் அடைத்திருப்பது அப்புறம்தான் உறைத்தது. இருமியும் தும்மியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து களத்துக்கு ஓடினார்கள். மூக்கொழுகச் சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்தவே இல்லை. முதலாளி முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோட்டைவிட்டவர்கள், அன்று அவரையே மறந்து ஆடினார்கள். ஜெயித்தும்விட்டார்கள். ஹென்றி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நெடி வந்துதா?" என்று கேட்டாள் தங்கம்.

"வந்து அறையே காலியாச்சு."

"அப்பம் கண்ணு ஒண்ணும் இல்ல. அவியளுக்கு ஆட்டந்தான் தெரியல."

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை, அணி கலைந்தது. ஹென்றி தன் கம்பளி ஜெர்சியைத் தங்கத்துக்குக் கொடுத்தான். புடவைக்குமேல் போட்டதும் அது முழங்கால்வரை தொங்கியது.

"ஊருக்குப் போயி இதுபோல ஒரு டீமு தொடங்கணும்" என்றாள்.

"ஐஸுக்கு எங்கட்டி போவ?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆளு அங்க இருக்கு, ஐஸு இங்க கெடக்கு. ரெண்டையும் எப்பிடிச் சேக்க?" என்று சிரித்துவிட்டு, ஜெர்சிக் கையைச் சுருட்டி மேலேற்றிக்கொண்டு அரிசி களையப் போனாள்.