நான்காவது பெயருக்குப் பிறகு ஒரு மிடறு

முன்ஷி காஜா முகைதீனைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுக்கும்படி கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். பிறந்தது மேலப்பாளையம். அரபு கற்பிக்கும் முன்ஷியாகச் சேர்ந்தது 1908. மறைந்தது போன வருஷம், ஊரையே வாரிக்கொண்டு போன அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலில். மூன்று வரி ஆகிவிட்டது. நாலாவது வரியில்தான் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். அந்த மனிதரின் நிம்மதியைக் கெடுத்தவன் நான்தான். எலியேசர், கல்லூரி ஆபீஸ் குமாஸ்தா. கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பினேன், அவ்வளவுதான்.

என் அறைக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் முழுக்க என் காதில் விழும். பத்து வருஷம் கேட்டும் அரபு எனக்கு ஓர் எழுத்துகூட ஏறவில்லை. ஆனால் நபிமொழிப் பாடம் தொடங்கும் நாள் மட்டும் நன்றாகத் தெரியும். அன்று, அந்த நூல் தமக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்வார். இதை நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று, நூலைத் தொகுத்தவர் வரை பதினாறு பெயர். அந்தத் தொடர் இல்லாதவருக்கு அந்த நூலைப் பாடம் சொல்ல உரிமை இல்லை என்பது அவர்கள் முறை. நான்காவது பெயர் முடிந்ததும் நிறுத்துவார். செம்பு ஓசை கேட்கும். ஒரு மிடறு தண்ணீர். அப்புறம்தான் ஐந்தாவது பெயர்.

"அது என்ன முன்ஷி, வருசா வருசம் சரியா அந்த எடத்துல தாகம் எடுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தாகம் இல்ல ரைட்டரே. எங்களுக்குப் பாடம் சொன்ன உஸ்தாது அங்கன குடிப்பாஹ. நாங்களும் குடிக்கோம். அது ஒரு மரியாதை."

அவரிடம் படித்துவிட்டு வெளியூர்களில் பாடம் சொல்பவர்களும் அதே இடத்தில் குடிக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் பெருமை.

1912இல் அவர் வேலையை நிரந்தரமாக்க ஒரு படிவம் வந்தது. யாரிடம் படித்தீர், அவர் பிறந்தது எப்போது, இறந்தது எப்போது என்று கட்டங்கள். கடைசியில், மேலே கண்டவை உண்மை என்று கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. முன்ஷியிடம் பட்டம் கிடையாது. உஸ்தாது கைப்பட எழுதித் தந்த பெயர்த் தொடர்தான் அவருக்குப் பட்டம். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

படிவத்துக்கு முதல் பெயர் ஒன்றே போதும். நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, பதினாறு பேரையும், பிறந்த இறந்த வருஷத்தோடு அவரை வாசிக்கச் சொல்லி, வரிசையாகக் கட்டத்தில் ஏற்றினேன். ஐந்தாவது பெயரில் பேனா நின்றது.

"முன்ஷி, அஞ்சாவது ஆளு இறந்தது ஹிஜ்ரி ஆயிரத்து நூத்தி ஏழு. நாலாவது ஆளு பொறந்தது ஆயிரத்து நூத்திப் பத்து. அவரு செத்து மூணு வருசம் கழிச்சுல்லா இவரு பொறந்திருக்காரு! எப்படி வே பாடம் கேட்டாரு?"

முதலில் சிரித்தார். பிறகு தாளை வாங்கி விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

"இதுக்குப் போயி மலைக்கலாமா? நூத்தி ஏழை நூத்தி இருபத்தேழுன்னு ஆக்கிருதேன். யாரு பாக்கப் போறா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "ஒருத்தர் ஒரே ஒரு பொய் சொல்லிட்டா, அவர் சொன்ன எதையும் நாங்க எடுக்க மாட்டோம் ரைட்டரே."

வியாழக்கிழமை வில்வண்டி பிடித்து மேலப்பாளையம் போனோம். உஸ்தாது போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஷரீபா பீவி கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். வேறு ஏடு எதுவும் இருக்கிறதா, எங்கேயாவது ஒரு பெயர் விடுபட்டிருக்கிறதா என்று முன்ஷி கேட்டார்.

"நீங்களும் கண்டுட்டீஹளா?" என்றது குரல். "அவுஹளுக்குத் தெரியும். விட்டுப்போன அந்த ஒரு பேரைத் தேடி எங்கெல்லாமோ கடுதாசி போட்டாஹ. கெடைக்கல. அந்த ரெண்டு பேரையும் ஒரே மூச்சில சொல்ல நாக்கு வரலம்பாஹ. சொன்னா பொய்யாப் போயிரும், சொல்லாட்டி எல்லாமே போயிரும்னு அழுவாஹ. அதான் நடுவுல தண்ணி குடிக்கது."

திரும்பும்போது, ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் முன்ஷி கேட்டார்: "ரைட்டரே, நேத்து வரைக்கும் நான் மெய்யனா, பொய்யனா?"

வண்டிக்காரரிடம் மாட்டை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

மறுநாள் படிவத்தில் ஐந்தாவது பெயருக்கு எதிரே, "இங்கே தொடர் அறுந்திருக்கிறது, பாடம் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். வேலைக்கே உலை வைத்துவிடும் என்று எவ்வளவோ மன்றாடினேன். நான் எழுதும்வரை நகரவில்லை. எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். கூடவே திரும்பி வந்த படிவத்தில் முதல் பெயருக்கு நேராக, சரிபார்த்ததற்கு ஒரு சிவப்புக் கோடு. மற்றதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் வகுப்புக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

"அப்ப எனக்கு உரிமை உண்டுன்னு சொல்லுதாஹளா?"

"வேலை உண்டுன்னு சொல்லுதாங்க முன்ஷி."

அவர் உத்தரவை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம் நபிமொழிப் பாடம் தொடங்கிற்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நிறுத்தினார். செம்பு ஓசைக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

"இங்கன அறுந்துருக்கு" என்றார் மாணவர்களிடம். "எங்க உஸ்தாதுக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்ல அவுஹளுக்கு மனசு வரல. நான் உங்கட்டச் சொல்லிட்டேன். இனி எங்கிட்டக் கேக்கலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கிடுங்க."

யாராவது எழுந்து போனார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே குரல் சற்று இறங்கி ஐந்தாவது பெயரைச் சொல்லிற்று. எனக்குத் தாகம் இல்லை. என் மேஜைமேல் இருந்த கூஜாவை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.