தொண்ணூறு மீற்றர் வேகத்தில் ஒரு சைக்கிள்

போன வாரம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் பௌதிகவியல் வகுப்புப் பார்த்துக்கொண்டிருந்த மகள், காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, கோணத்தை அளக்கப் பாகைன்னு ஒன்னு இருக்கையில எதுக்கு இந்த ஆரையன்?" என்று கேட்டாள். வீதி வளைவுகளை அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். சொல்லிக் கொடுத்தேன். அவள் திரும்ப இயர்போனை மாட்டிக்கொண்டாள். எனக்குத்தான் எங்கிருந்தோ தேசிக்காயின் எலுமிச்சை மணம் வந்தது.

அது சனிக்கிழமை மணம். எங்கள் ஊர் கினிகத்தேனைப் பக்கம். பள்ளிக்கூடமும் அங்கேதான். உயர்தரம் படித்த காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை ரியூஷன் வகுப்புக்காக முதல் பஸ் பிடித்து, நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிக் கண்டிக்கு வருவேன். வளைவு ஒவ்வொன்றும் வயிற்றைப் பிசையும். முகர்ந்துகொண்டு போகச் சொல்லி அம்மா ஒரு தேசிக்காயைக் கையில் தருவார். எத்தனை முகர்ந்தாலும் கம்பளைக்குக் கிட்ட வாந்தி வந்தே தீரும். அதோடு வகுப்பில் போய் உட்கார்ந்து வட்ட இயக்கம் படிப்பேன்.

வகுப்பு, கடைகளுக்கு மேலே ஒரு தகரக்கூரை மண்டபத்தில் நடந்தது. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் பரீட்சை வைத்தார். அரை மீற்றர் ஆரையுள்ள சைக்கிள் சில்லு செக்கனுக்கு நூற்றெண்பது பாகை சுழல்கிறது, சைக்கிளின் வேகம் என்ன? ஆரையைக் கோணவேகத்தால் பெருக்கினால் வேகம் என்று பாடமாக்கி வைத்திருந்தேன். அரையை நூற்றெண்பதால் பெருக்கி, செக்கனுக்குத் தொண்ணூறு மீற்றர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

மாஸ்டர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பிள்ளையின்ர சைக்கிள் பத்து நிமிசத்தில கினிகத்தேனைக்குப் போயிடும். பஸ் தேவையில்லை."

மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் முன்வரிசையில் இருந்த நஸீரா. கட்டுகஸ்தோட்டைக்காரி. அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை. வகுப்பு முடிந்ததும் அவளே வந்தாள்.

"கோவமா? வா, கீழ ஒரு சைக்கிள் நிக்குது."

என் பின்னலில் இருந்த ரிப்பனைக் கேட்டு வாங்கி, சில்லின் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் பிடித்து, அந்த ஆரை நீளத்துக்கு வெட்டியே விட்டாள். புது ரிப்பன். பிறகு அதை டயரின் மேல் வளைத்து வைத்தாள்.

"இந்த ரெண்டு நுனிக்கும் நடுவுல உள்ள கோணம்தான் ஒரு ஆரையன். அவ்வளவுதான். சில்லு ஒரு ஆரையன் திரும்பினா சைக்கிள் ஒரு ரிப்பன் தூரம் போகும். பாதிச் சுத்துக்கு மூணு ரிப்பனும் கொஞ்சமும். உன்ட சைக்கிள் செக்கனுக்கு ஒன்றரை மீற்றரும் சொச்சமும்தான் போகும்."

"அதுக்கு நடந்தே போகலாமே!"

"அதத்தான் சொல்றேன். பாகை மனுசன் சும்மா பிரிச்சுக்கிட்ட கணக்கு. அதை அப்படியே பெருக்கினா சில்லுக்கு வெளங்காது."

சைக்கிள்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மகள், காத்துப் போயிருச்சா?" என்றார். ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம்.

அதன்பின் இரண்டு வருடம், சனிக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

பெறுபேறு வந்தது. என்னைவிட அவளுக்குத்தான் புள்ளி கூட. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது மாவட்ட வாரியாக. பள்ளிக்கூட வசதி குறைந்ததென்று எங்கள் நுவரெலியா மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, கண்டிக்கு அதிகம். எனக்குப் பொறியியல் கிடைத்தது. அவளுக்கு மயிரிழையில் தப்பிப் போனது.

என்ன பேசுவதென்று தெரியாமல் நான் தொலைபேசியைத் தொடாமலே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத்தோட்ட லயத்து வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. நஸீராவும் அவள் வாப்பாவும், கையில் வட்டிலப்பத்தோடு. "மகள்ட கூட்டாளி பாஸாகியிருக்கு, வராம இருக்க ஏலுமா?" என்று வாப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி, ஒரு கோல் இல்ல. நான் மவுத்தாயிட்டேன்னு நெனச்சியா?" என்றாள் நஸீரா.

"நீ போகவேண்டிய எடம் நஸீ. ஒனக்குத்தானே கூட."

"நான் பதினஞ்சு நிமிஷத்துல வகுப்புக்கு வந்தவ. நீ வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு வந்தே. அதுக்கு எந்தப் பேப்பர்ல புள்ளி போடுறது?"

பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். கை கழுவப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியடிக்குப் போனபோதுதான் அழுதாள். "சரிதான்னு மூளைக்கு வெளங்குது. வயிறு எரியுதுடி, என்ன செய்ய?" முகம் கழுவும்வரை அவளுடைய செருப்பைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் இரண்டாம் தடவை பரீட்சை எழுதினாள். ரியூஷன் மண்டபத்தில் என் கதிரையில் பையை வைத்துக்கொண்டு தனியாகப் படித்ததாகப் பிறகு சொன்னாள். அடுத்த வருடம் நான் படித்த அதே பல்கலைக்கழக வளாகத்துக்கு, எனக்கு ஒரு வருடம் இளையவளாக வந்து சேர்ந்தாள். அங்கே மேல் வருடத்துப் பெண்களை அக்கா என்று கூப்பிடுவது வழக்கம். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள், எனக்கு ஆரையன் சொல்லித் தந்தவள், சாப்பாட்டு மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து வேண்டுமென்றே "அக்கா! அக்கோவ்!" என்று கத்துவாள். எனக்கு மானம் போகும். பட்டம் வாங்கிய பிறகும், என் கல்யாணத்தில்கூட, அவள் அதை விடவில்லை.

அந்தத் தகரக்கூரை ரியூஷன் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வாகனம் நிறுத்துகிறார்கள். நஸீரா மெல்பேர்னில் பாலம் கட்டுகிறாள். மாதம் ஒருதடவையாவது பேசுவோம். பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி, வாப்பாவின் சீனி வியாதி எல்லாம் பேசுவோம். போன வாரம் பேசி முடித்து வைத்த பிறகுதான் கவனித்தேன், அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அக்கா என்பதை எப்போது விட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.