நான்காம் பொத்தான்

"தலையை அசைக்காதீங்க" என்று ஒலிவாங்கியில் சொன்னாள் லின்சி. கண்ணாடிக்கு அப்பால், எம்.ஆர்.ஐ. குழாய்க்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. சாம்பல் நிறக் காலுறைகள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் வாங்கிக் கொடுத்தவை. உள்ளே படுத்திருந்தவர் அவளுடைய அண்ணன் ஆரோன்.

லின்சிக்கு நாற்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பதினாறு வருடமாக ஸ்கேன் எடுக்கிறாள். அங்கே டாக்டர் ஷைமா கைதிகள் சிலரை வைத்து ஓர் ஆய்வு நடத்துகிறார். பிறரை ஏய்த்துவிட்டு உறுத்தலே இல்லாமல் இருப்பவர்களின் மூளை சரி தப்பை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்க்கிறார். ஒப்பிடுவதற்குச் சாதாரண ஆட்களும் வேண்டும்.

"தப்பு எதுன்னு அவங்களுக்கும் தெரியும் லின்சி" என்று ஷைமா ஒருமுறை சொன்னார். "பெரும்பாலும் நாம சொல்ற பதிலைத்தான் சொல்லுவாங்க. கேட்டதும் நமக்கு உள்ள சுருக்குங்குதுல்ல, அந்த இடம் அவங்களுக்கு மந்தம். யோசிச்சுக் கணக்குப் போடற இடம் வேலை செய்யும்."

குழாய்க்குள் படுத்திருப்பவர்களுக்குக் கதைகளைக் காட்டி, எவ்வளவு தப்பு என்று பொத்தான் அழுத்தச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கதைகள் இங்கே ஒட்டவில்லை என்று ஷைமா ஊழியர்களிடம் உள்ளூர்ச் சம்பவங்கள் கேட்டார். லின்சி ஒன்று எழுதிக் கொடுத்தாள். யாருடையது என்று சொல்லவில்லை.

போன வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்கிருந்த பங்கு அதோடு அண்ணனுக்குப் போனது. படித்துப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவன் எதிரில் பத்திரத்தை வாசிப்பது அவர்கள் வீட்டில் அவனைத் திருடன் என்பதற்குச் சமம். அம்மா சாகிறவரை அந்த வீட்டில்தான் என்று ஆரோன் சொல்லியிருந்தார். பத்திரத்தில் அந்த வரி இல்லை. இருபதாம் நாள் வீட்டை விற்றுவிட்டார். அம்மா ரூத் இப்போது மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

ஆய்வுக்குச் சாதாரண ஆட்கள் குறைந்தபோது லின்சி அண்ணனைக் கூப்பிட்டாள். அவருக்கு எங்காவது உறுத்துகிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

ஒன்பதாவதாக லின்சி எழுதிய கதை வந்தது. ஆரோன் நான்காம் பொத்தானை அழுத்தினார். ஒன்று என்றால் தப்பே இல்லை, நான்கு என்றால் மிகப் பெரிய தப்பு. மற்றக் கதைகளுக்கு எடுத்துக்கொண்ட அதே நேரம்தான். திரையில் சாம்பல் நிறப் படங்கள் ஓடின. ஒருவரின் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஷைமா முன்பே சொல்லியிருந்தார்.

வெளியே வந்து ஆரோன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஒம்பதாவது நம்மூட்டுக் கதையாட்ட இருந்துச்சே கண்ணு."

அவள் காத்திருந்தாள்.

"நாலு அமுக்கிப்போட்டேன். அதானே சரி?"

"சரிதானுங்கண்ணா."

அவர் தலையாட்டினார். கேண்டீனில் டீ எப்படியிருக்கும் என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்தில் ஆரோன் வேத பாடம் வாசித்தார். உச்சரிப்பு தெளிவாக இருந்தது. ஆராதனை முடிந்ததும், தங்கச்சி என் மண்டையைப் படம் பிடித்தாள், ஒன்றுமே இல்லையாம் என்று நாலு பேரிடம் சொன்னார். சிரித்தார்கள். லின்சி பன்னிரண்டு மணி பஸ்ஸில் இல்லத்துக்குப் போனாள். ஆரோன் வருத்தப்படுகிறானா என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொன்னாள். அம்மா ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கினார். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். துடியலூர்வரை நின்றுகொண்டு வந்தாள்.