வெயிலில் உட்காரச் சொன்ன கடிதம்

அன்று குடிசை வாசலில் இருந்தது அம்மா, அண்ணி, நான், மூன்றே பேர். அப்பா இல்லை, அவர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் இல்லை, இமாசலத்தில் கின்னோர் மலையில் சட்லெஜ் ஆற்றங்கரையோரம் ரோடு போடும் வேலைக்குப் போயிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யார் எங்கே இருந்தார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாமே.

ஆவி, சகுனம், குறி எதையும் நம்புகிறவன் இல்லை நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். டெல்லி மந்திர் மார்க் பள்ளியில் தமிழில் படித்து, அப்போதுதான் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பக்கத்துக் குடிசையில் யாராவது சாமியாடினால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இதில் நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. 1975 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி, பட்டப்பகல்.

டெல்லிக் குளிரில் ஞாயிறு வெயில் என்றால் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பாத்திர வேலை முடித்து வந்திருந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக் கட்டிலில் இன்லண்ட் லெட்டரை வைத்து அண்ணனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. மாதம் ஒரு கடிதம், அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உள்ளதைச் சொன்னால், அம்மா சொன்னபடி நான் எழுதியதே கிடையாது. அவள் பேச்சு எனக்குக் கூச்சமாக இருக்கும். படித்தவன் எழுதுகிற கடிதம் படித்தவன் எழுதியது மாதிரி இருக்க வேண்டாமா என்று எல்லாவற்றையும் நல்ல தமிழாக்கிவிடுவேன். ஒவ்வொரு வரியும் எழுதி முடித்ததும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அது அம்மா போட்ட சட்டம்.

அண்ணன் தங்கியிருந்த தகர ஷெட்டில் ஏழு பேர். அதில் கோவிந்தன் மட்டும் எங்கள் சின்னசேலம் பக்கத்து ஆள், அண்ணனோடு ஒன்றாகச் சித்தாள் வேலை பார்த்தவர். கடிதம் வந்தால் பக்கத்து முகாமிலிருந்து தமிழ் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்து படித்துக் காட்டுவாராம். கடிதம் யாருக்கோ அவன் மட்டும் வெளியே போய்க் கேட்க வேண்டும், மற்றவர்கள் ஷெட்டை விட்டு நகரக் கூடாது. பெண்டாட்டி சொல்லி எழுதினது இருக்கும், வீட்டுக் கஷ்டம் இருக்கும், அடுத்தவன் காது கொடுப்பது மரியாதை இல்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட முறை இது, தீபாவளிக்கு வந்தபோது அண்ணன் சொல்லியிருந்தார்.

அன்று அம்மா வெயிலைப் பார்த்தபடி சொன்னாள். "உள்ளாறயே சுருண்டு கெடக்க வேணாம்னு எழுது. வெளிய வந்து வெயில்ல உக்காரு சாமி, கோவிந்தனையும் கூட்டிக்கன்னு எழுது."

நான் எழுதியது, 'குளிர்காலமாதலால் தேகநலனைக் கவனித்துக்கொள்ளவும்.' படித்துக் காட்டினேன்.

"நான் சொன்னது எங்கடா?"

அதேதாம்மா இது என்றேன்.

"எம்மவனுக்கு எழுதறியா, ஒன் ஆபீசுக்கு எழுதறியா?"

அண்ணி பட்டாணியிலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி லெட்டரப் படிச்சா ஒங்க அண்ணன் தாசில்தாரு கூப்புடறாருன்னு சட்டையத் தேடுவாரு" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்றது. அந்த வரியின் ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் இருந்தது, அதில் நெருக்கி எழுதி, வேண்டுமென்றே தெருவுக்கே கேட்கும்படி கத்திப் படித்தேன்.

"வெளிய வந்து வெயில்ல உக்காரு சாமி. போதுமா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தேன். பேனா தானாக ஓடியது. கட்டிலை யாரோ ஆட்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினால் முறத்தில் பட்டாணி உருண்டது, குடிசைக் கூரைத் தகரம் கடகடவென்றது, தெருவில் யாரோ பூகம்பம் என்று இந்தியில் பூசால், பூசால் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம்தான், நின்றுவிட்டது. எங்கள் வரிசையில் ஒரு பானைகூட உடையவில்லை. சிரித்துக்கொண்டு எல்லாரும் டீ போடப் போனார்கள்.

சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் கின்னோர் என்று சொன்னபோதுதான் சிரிப்பு போனது.

அடுத்த பன்னிரண்டு நாள் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. மலை சரிந்து ரோடு மூடிவிட்டது, தந்தி போகாது, பஸ் போகாது. கான்ட்ராக்டரின் ஆள் பஹாட்கஞ்சில் ஒரு ரூமில் இருந்தான், தினமும் ஆபீஸ் விட்டு அவனிடம் போவேன். பதா நஹீ பையா, தெரியாதுப்பா என்று அதையேதான் சொல்வான். அம்மா பேப்பரை என் கையில் கொடுத்து, அப்படியே படி, ஒண்ணும் விடாதே என்பாள். ஊர் ஊராக வீடுகள் தரைமட்டம், செத்தவர் கணக்கு நாளுக்கு நாள் ஏறுகிறது, ரோட்டுக் கூலிகள் பெயரை எந்தப் பேப்பரும் போடவில்லை. நான் பாதியை விழுங்கிவிட்டு, சேதம் கம்மிதானாம் என்று படிப்பேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் ராத்திரி அண்ணன் பங்குக்கும் சேர்த்து ரொட்டி போட்டு, காலையில் அதைத்தான் தின்றுவிட்டு வேலைக்குப் போவார்.

பதிமூன்றாம் நாள் அண்ணன் வந்தார். மூட்டை இல்லை, கையில் கட்டு, யாருடைய கோட்டோ போட்டிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன், அம்மாவும் அண்ணியும் வேலையிலிருந்து திரும்பவில்லை. கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, நம்பினால் நம்புங்கள், இதுதான்.

"அன்னிக்கி ஏண்டா அவ்ளோ கோவமா படிச்ச?"

சாப்பிட்டுவிட்டு ஏழு பேரும் கம்பளிக்குள் முடங்கியிருந்தார்களாம். வெளியே லெட்டர் படிக்கிற சத்தம். மேஸ்திரி குரல் இல்லை, என் குரல். வெளிய வந்து வெயில்ல உக்காரு சாமி என்று அதட்டினேனாம். கனவு என்று அண்ணன் புரண்டு படுத்தாராம். பக்கத்தில் படுத்திருந்த கோவிந்தன்தான் தட்டி எழுப்பி, "ஒந்தம்பி சத்தம்டா, இந்தப் பனியில எப்பிடி வந்தான்?" என்றாராம்.

நீயும் வாடா என்று அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். கோவிந்தன் கம்பளியை இழுத்துக்கொண்டே சொன்னாராம்.

"ஒனக்கு வந்த லெட்டரு. அதுல எம்பேரு இல்லியே. நீ போய்க் கேளு."

அண்ணன் வெளியே வந்து என்னைத் தேடி முப்பது அடி நடந்திருப்பார். வெயில் அடித்ததாம். திரும்பிப் பார்த்தபோது மலை இறங்கி வந்து ஷெட் இருந்த இடத்தில் நின்றது என்றார். வெறும் கையால் ரெண்டு நாள் கல்லைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். அதுதான் கையில் கட்டு.

பிறகு நான் நிறைய யோசித்தேன். மலையில் முதலில் சின்னதாக உறுமல் கேட்டிருக்கும், வீட்டு ஞாபகத்தில் அது குரலாகக் கேட்டிருக்கும், குளிரில் அம்மா எப்போதும் சொல்கிற வார்த்தைதானே அது. எல்லாம் சரி. ஆனால் நான் கோபமாகப் படித்தது அவருக்கு எப்படித் தெரியும்? கோவிந்தனுக்கும் எப்படிக் கேட்டது?

அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவே இல்லை. என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, கடைசியில் பேனா ஓடின கோட்டோடு. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் பார்ப்பது அந்தக் கோட்டை இல்லை. அதற்கு மேல் வரியைத்தான். அம்மா சொன்னதில் கோவிந்தனையும் கூட்டிக்க என்று இருந்தது. இடம் இல்லை என்று, கோபத்தில், நான் அதை எழுதவில்லை, படிக்கவும் இல்லை. அம்மா வாயெடுத்தது அதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். அவள் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அண்ணனிடம் நானும் சொன்னதில்லை.

கோவிந்தன் வீட்டுக்கு மாதம் முப்பது ரூபாய் அனுப்பப்போகிறேன் என்று அண்ணன் சொன்னபோது, பாதி என்னுடையது என்றேன். எதுக்குடா என்று பார்த்தார், அப்புறம் அச்சா என்று விட்டுவிட்டார். மணியார்டர் ஃபாரம் நிரப்புவது நான். கோவிந்தன் மனைவி பச்சையம்மாள் என்று முழுசாக, ஒரு எழுத்து சுருக்காமல் எழுதுவேன். போன மாதம், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி வேண்டாம் மாமா என்று அவர் மகன் எழுதிவிட்டான். எட்டு வருஷம், அந்தப் பெயரைத் தொண்ணூற்றாறு தடவை எழுதியிருக்கிறேன். மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.