வரவேற்பறைக்குப் போன படம்

ஆம்பூரில் நான் நடத்தும் பிரேம் கடைக்கு அந்த ஓவியர் எப்போதாவது வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. அவர் படங்களில் உருவமே இருக்காது, வெறும் நிறங்கள்தான். நான் பிரேம் போட்டு முடிக்கும்வரை படத்துக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக அவர் கொண்டுவந்தது ஆளுயரப் படம். முழுக்கச் சாம்பல், நடுவில் நீலம் பாய்ந்த கறுப்பு. சென்னைக் கண்காட்சியில் பார்த்தவர்கள், வெளிநாட்டு ஓவியர்களின் பாதிப்பு தெரிகிறது என்று பாராட்டினார்களாம்; படம் விலைபோயும்விட்டதாம்.

“அப்படியா சார்?” என்றேன்.

“வெளிநாடாவது ஒண்ணாவது. தோல் கம்பெனியில கழிவுத் தொட்டி கழுவ என் தம்பி எறங்கினான். வெளிய தூக்கினப்போ அவன் மூஞ்சி இந்தக் கலர்லதான் இருந்துச்சு.”

படத்தை யார் வாங்கினார்கள் என்று கேட்டேன்.

“அதே கம்பெனிதான். ரிசப்ஷன்ல மாட்டப் போறாங்க.”

“அவங்களுக்குத் தெரியுமா சார்?”

“யாரும் கேக்கல. கேட்டா சொல்லுவேன்.”

நானேதான் கொண்டுபோய் மாட்டினேன். மேனேஜர் தள்ளி நின்று பார்த்து, “நல்ல கலர்” என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு ஓவியர் கடைக்கு வரவேயில்லை. தினமும் அந்த முகத்தைத் தாண்டித்தான் கம்பெனிக்காரர்கள் உள்ளே போக வேண்டும் என்று விற்றாரா, வேறு வழியில்லாமல் விற்றாரா, எனக்கு இன்றும் தெரியவில்லை.